ஏ.ஐ நம் வேலையைப் பறிக்குமா? கேஷ் கவுன்டர் முதல் கேம்பஸ் இன்டர்வியூ வரை!

போன மாதம் மதுரையில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த மாமா ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, நீ எழுதுற மாதிரியே இப்ப மெஷினே எழுதுதாமே... உனக்கு வேலை இருக்குமா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால், மாமா கேட்க நினைத்தது அதுவல்ல. ரசம் வருவதற்குள் அது வெளியே வந்துவிட்டது. அவருடைய சின்ன மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறாள். "காலேஜுக்கு கம்பெனிங்க வர்றதே குறைஞ்சுபோச்சுங்கிறா. நாலு வருஷம் ஃபீஸ் கட்டியாச்சு. ஏ.ஐ எல்லாத்தையும் தூக்கிரும்னு யூடியூப்ல பயமுறுத்துறான். நீதான் பத்திரிகையில இருக்கியே, நிஜமா என்னன்னு சொல்லும்மா."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா' என்று சொல்லியிருக்கலாம். அது பொய். 'எல்லாம் போச்சு' என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய். சென்னைக்குத் திரும்பியதும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். மாமாவுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. நம் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வியோடு ஒரு மாமா இருக்கிறார் என்பதால், உங்களுக்கும் சேர்த்தே!

கேஷ் கவுன்டருக்கு என்ன ஆனது?

மாமாவே ஓர் உதாரணம்தான். 1980-களில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவர். பித்தளை டோக்கன், தலையணை சைஸ் லெட்ஜர், கணக்கு டேலி ஆகாவிட்டால் ராத்திரி வரை வீட்டுக்குப் போக முடியாது என்ற காலம் அது. வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ஆராய, அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. 'கம்ப்யூட்டர் வந்தால் நம் வேலை போய்விடும்' என்ற பயம் அன்றைய ஊழியர்களுக்கு நிறையவே இருந்தது. கேட் மீட்டிங்கில் தானும் நின்று கோஷம் போட்டதாக மாமா இன்றும் சொல்வார்.

ஏ.டி.எம் கதை இன்னும் சுவாரஸ்யம். உலகின் முதல் ஏ.டி.எம் 1967-ல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பேரன் பிறந்தது நம் நாட்டின் ஷில்லாங்கில். ரகசிய எண்ணை முதலில் ஆறு இலக்கமாக வைக்க நினைத்ததாகவும், தன் மனைவி நான்கு இலக்கம்தான் ஞாபகம் இருக்கும் என்று சொன்னதால் நான்காக்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இந்தியாவின் முதல் ஏ.டி.எம்-மை 1987-ல் மும்பையில் ஹெச்.எஸ்.பி.சி வங்கி திறந்தது.

பணம் கொடுக்க மெஷின் வந்துவிட்டால் கேஷியர் எதற்கு? அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் இதைத்தான் ஆராய்ந்தார். 1988-லிருந்து 2004-க்குள் அங்கே நகரத்தில் இருக்கும் ஒரு வங்கிக் கிளைக்குச் சராசரியாக 20 கவுன்டர் ஊழியர்கள் என்றிருந்தது 13-ஆகக் குறைந்தது. ஆனால், ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் புதிய கிளைகளைத் திறந்தன. நகரக் கிளைகளின் எண்ணிக்கை 43 சதவிகிதம் கூடியது. விளைவு, மொத்த கவுன்டர் ஊழியர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. பணம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், கடன் விளக்குவது, டெபாசிட் பிடிப்பது, வாடிக்கையாளர் பிரச்னையைத் தீர்ப்பது என்று நகர்ந்தார்கள்.

'அப்போ பயப்பட வேண்டாம்' என்று நிம்மதியாவதற்கு முன்னால், கதையின் இரண்டாம் பாதியையும் சொல்லிவிடுகிறேன். மொபைல் பேங்கிங் வந்த பிறகு அமெரிக்காவில் கவுன்டர் ஊழியர்கள் நிஜமாகவே குறைந்துவருகிறார்கள். ஏ.டி.எம் செய்யாததை செல்போன் செய்தது. ஏனென்றால், ஏ.டி.எம் பறித்தது கவுன்டரின் ஒரு வேலையை மட்டும். செல்போன் வந்ததும் கிளைக்குப் போக வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. நம் ஊரிலும் 2016-ல் யு.பி.ஐ வந்த பிறகு, கடைசியாக எப்போது பேங்க்கில் வரிசையில் நின்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நாம் 'வேலை' என்று சொல்வது உண்மையில் பல சின்னச் சின்ன வேலைகளின் மூட்டை. மெஷின் முதலில் மூட்டையிலிருந்து ஒன்றிரண்டை உருவுகிறது. மிச்சம் என்ன இருக்கிறது, அதற்குத் தேவை கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வேலையின் கதி.

நோபல் பரிசு வாங்கியவரே தவறிய கணக்கு!

ஏ.ஐ-யின் தந்தைகளில் ஒருவராகச் சொல்லப்படுபவர் ஜெஃப்ரி ஹின்டன். 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜான் ஹாப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டவர். 2016-ல் இவர் ஒரு கூட்டத்தில், 'இனி ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம். ஐந்து ஆண்டுகளில் அவர்களைவிட கம்ப்யூட்டர் நன்றாகச் செய்யும், பத்து ஆண்டுகள்கூட ஆகலாம்' என்ற பொருளில் பேசினார். எக்ஸ்ரே, சி.டி ஸ்கேன், எம்.ஆர்.ஐ படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்கள்தான் ரேடியாலஜிஸ்ட்டுகள்.

என்ன ஆயிற்று? அமெரிக்காவில் இன்று ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குத் தட்டுப்பாடு. புகழ்பெற்ற மேயோ கிளினிக்கில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். ஹின்டன் அப்படிச் சொன்ன ஆண்டோடு ஒப்பிட்டால் இது 55 சதவிகிதம் அதிகம். அங்கே ஏ.ஐ இல்லாமல் இல்லை. சிறுநீரகத்தின் அளவை அளப்பது, அவசரமான ஸ்கேனை வரிசையில் முன்னால் கொண்டுவருவது போன்ற பல வேலைகளை ஏ.ஐ செய்கிறது. ஆனால், பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவது, சர்ஜனோடு பேசுவது, நோயாளிக்கு விளக்குவது, ஊசி வைத்து திசு எடுப்பது என மூட்டையில் நிறைய மிச்சம் இருந்தது. தான் அன்று பொதுப்படையாகப் பேசிவிட்டதாக ஹின்டனே பிறகு ஒப்புக்கொண்டார். 'காலக்கணக்குதான் தவறு, திசை சரி' என்பது இப்போதும் அவர் கருத்து.

இன்னொரு பக்கம், ரேடியாலஜிஸ்ட்டே இல்லாத இடங்களில் ஏ.ஐ செய்வது பறிப்பு அல்ல, உதவி. காசநோயைக் கண்டறிய நெஞ்சு எக்ஸ்ரேவை கம்ப்யூட்டரே படித்துச் சொல்லும் முறையை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மும்பையைச் சேர்ந்த க்யூர்.ஏ.ஐ போன்ற நிறுவனங்கள் இதற்கான மென்பொருளைச் செய்கின்றன. படத்தைப் பார்க்க ஆளே இல்லாத ஓர் ஊரில், அது யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளவில்லை.

700 பேர் வேலையைச் செய்த ரோபோ!

ரேடியாலஜிஸ்ட் கதையை மட்டும் சொல்லி முடித்தால், நான் உங்களை ஏமாற்றியதாக அர்த்தம். கஸ்டமர் கேர் பக்கம் போவோம்.

ஸ்வீடனைச் சேர்ந்த நிதி நிறுவனம் க்ளார்னா. 2024 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் ஏ.ஐ உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டது, 700 முழுநேர ஊழியர்கள் செய்யும் வேலைக்கு அது சமம் என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால், 2025-ல் அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததால் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். பிரச்னை என்றால் பேசுவதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று சொல்லி, மீண்டும் ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள்.

கனடாவிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், துக்கத்துக்குப் போகும் பயணிக்கான கட்டணச் சலுகையைப் பற்றி தப்பான தகவலைச் சொல்லிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற ரீதியில் வாதாடியது நிறுவனம். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

எதற்கு இதைச் சொல்கிறேன்? பதில் சொல்வதை மெஷின் செய்யும். பதிலுக்குப் பொறுப்பு ஏற்பதை மனிதர்கள்தான் செய்ய முடியும். 'கையெழுத்து போடுபவர்' எந்தத் துறையிலும் தேவைப்படுகிறார்.

ஆனாலும், க்ளார்னா திரும்பவும் ஆள் எடுத்தது என்பதற்காக பழைய 700 நாற்காலிகளும் திரும்பி வந்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. சாதாரணக் கேள்விகளை இன்றும் அங்கே ஏ.ஐ-தான் பார்த்துக்கொள்கிறது. பெங்களூரைச் சேர்ந்த டூகான் நிறுவனத்தின் தலைவர் சுமித் ஷா, தன் கஸ்டமர் சப்போர்ட் ஊழியர்களில் 90 சதவிகிதம் பேரை நீக்கிவிட்டு சாட்பாட்டை வைத்துவிட்டதாக 2023-ல் வெளிப்படையாகவே அறிவித்தார். அந்த 90 சதவிகிதத்தில் இருந்தவர்களுக்கு, 'புதிய வேலைகள் உருவாகும்' என்ற ஆறுதல் அந்த மாத வாடகையைக் கட்ட உதவியிருக்காது.

யாருக்கு அதிக ஆபத்து?

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, 2030-க்குள் 9.2 கோடி வேலைகள் காணாமல்போகும், 17 கோடி புதிய வேலைகள் உருவாகும் என்று கணிக்கிறது. ஏ.ஐ மட்டுமல்ல, பசுமைத் தொழில்நுட்பம், மக்கள்தொகை மாற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. கூட்டிக் கழித்தால் 7.8 கோடி வேலைகள் லாபம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால், போகிற வேலையும் வருகிற வேலையும் ஒரே ஆளுக்கு, ஒரே ஊரில், ஒரே சம்பளத்தில் கிடைக்குமா என்பதை இந்தக் கூட்டல் கழித்தல் சொல்லாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2025 ஆய்வு, உலகில் நான்கில் ஒரு பணியாளர் ஏதோ ஓரளவுக்கு ஏ.ஐ தொடக்கூடிய வேலையில் இருக்கிறார் என்கிறது. மிக அதிகமாகப் பாதிக்கப்படக்கூடிய பிரிவில் இருப்பவை 3.3 சதவிகித வேலைகள். அதில் முதலிடம், அலுவலக எழுத்தர் வேலைகளுக்கு. டைப்பிங், டேட்டா என்ட்ரி, பில் போடுவது, கணக்கு எழுதுவது போன்றவை. இவற்றில் பெண்கள் அதிகம் இருப்பதால், பாதிப்பும் பெண்களுக்கே அதிகம் என்று எச்சரிக்கிறது அந்த ஆய்வு. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆஃபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து குடும்பத்துக்குக் கைகொடுக்கும் அக்காக்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

அடுத்தது, இளைஞர்கள். மாமாவின் கவலை இங்கேதான் வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழுவினர், அமெரிக்காவின் சம்பளப் பட்டியல் விவரங்களை வைத்து 2025 ஆகஸ்ட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாஃப்ட்வேர், கஸ்டமர் சர்வீஸ் போல ஏ.ஐ அதிகம் நுழைந்த துறைகளில், 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவிகிதம் சரிந்திருந்தது. அதே துறையில் அனுபவம் உள்ளவர்களின் வேலை அப்படியே இருந்தது, அல்லது கூடியிருந்தது. கொரோனா காலத்தில் அளவுக்கு அதிகமாக ஆள் எடுத்தது, வட்டி விகிதம் உயர்ந்தது ஆகியவையும் காரணங்கள் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனாலும், அலட்சியப்படுத்த முடியாத எண் இது.

இந்தியாவில் டி.சி.எஸ் நிறுவனம் 2025 ஜூலையில், தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதற்கு ஏ.ஐ காரணமல்ல, திறமைக்கும் தேவைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் காரணம் என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி கே.கிருத்திவாசன். பெரும்பாலும் நடுத்தர, உயர்நிலைப் பொறுப்பில் இருப்பவர்களே பாதிக்கப்படுவார்கள் என்றும் சொல்லப்பட்டது. ஆக, அமெரிக்காவில் புதியவர்கள், இங்கே சீனியர்கள் என்று அடி வேறு வேறு இடத்தில் விழுகிறது. 'இந்த வயது பாதுகாப்பு' என்று யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

என் டெஸ்க்கிலும் வந்துவிட்டது!

மாமா முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் வேலை?

டிஜிட்டல் டெஸ்க்கில் ஏ.ஐ ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மணி நேரப் பேட்டியின் ஆடியோவை டைப் செய்ய முன்பு எனக்கு அரை நாள் ஆகும். இப்போது சில நிமிடங்களில் எழுத்தாக வருகிறது. ஒரு செய்திக்குப் பத்துத் தலைப்புகள் கேட்டால் பத்தும் வரும். எட்டு உதவாது, இரண்டு பரவாயில்லை.

ஆனால், அதை நம்பி அப்படியே பிரசுரித்தால் என்ன ஆகும்? 2025 மே மாதம் அமெரிக்காவின் 'சிகாகோ சன் டைம்ஸ்' நாளிதழில் கோடை விடுமுறைக்குப் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஐந்து மட்டுமே நிஜப் புத்தகங்கள். மற்றவை எல்லாம், பிரபல எழுத்தாளர்களின் பெயரில் ஏ.ஐ கற்பனையாக உருவாக்கியவை! வெளியிலிருந்து வாங்கிப் போட்ட அந்த இணைப்பை யாரும் சரிபார்க்கவில்லை. 'சிநெட்' என்ற தொழில்நுட்ப இணையதளமும், ஏ.ஐ எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டிவந்தது.

இதைப் படித்ததும் 'அப்பாடா, நமக்கு வேலை உண்டு' என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வேறொன்று உறுத்தியது.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆறு மாதம், பெரும்பாலும் ஆடியோ டைப் செய்ததும் புரூஃப் பார்த்ததும்தான். சலிப்பான வேலை. ஆனால், பிறருடைய பேட்டிகளைக் கேட்டுக் கேட்டு டைப் செய்ததில்தான், எந்த இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும், எதிராளி எப்போது மழுப்புகிறார் என்பதெல்லாம் பிடிபட்டது. ஊர்ப் பெயரில் 'ழ'வா, 'ள'வா என்று சீனியரிடம் திட்டு வாங்கித்தான் சரிபார்க்கும் பழக்கமே வந்தது. தப்பான புத்தகப் பட்டியலைப் பார்த்ததும் 'இது இடிக்குதே' என்று தோன்ற வேண்டும் இல்லையா... அந்த மூக்கு, அந்தச் சலிப்பான ஆறு மாதத்தில் வளர்ந்தது.

இப்போது அந்த வேலையை மெஷின் செய்கிறது. எனக்குப் பிறகு வரும் தம்பி, தங்கைகள் எங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள்? ஜூனியர் வக்கீல் கேஸ் கட்டுகளைப் புரட்டிக் கற்கிறார். ஆடிட்டர் ஆஃபீஸில் ஆர்ட்டிக்கிள்ஷிப் பையன் வவுச்சர் சரிபார்த்துக் கற்கிறான். ஐ.டி ஃப்ரெஷர் சின்னச் சின்ன 'பக்' சரிசெய்து கற்கிறார். ஏ.ஐ முதலில் எடுத்துக்கொள்வது எல்லாத் துறையிலும் இந்த முதல் படிக்கட்டைத்தான். முதல் படியை எடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து மேல் படியில் நிற்க அனுபவசாலிக்கு எங்கே போவது?

இதற்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட கஸ்டமர் கேர் ஊழியர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஏ.ஐ உதவியோடு வேலை செய்தவர்களின் வேகம் சராசரியாக 14 சதவிகிதம் கூடியது. புதியவர்களுக்கு மட்டும் பார்த்தால் 34 சதவிகிதம். காரணம், திறமையான சீனியர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அந்த ஏ.ஐ படித்து வைத்திருந்தது, புதியவர்களுக்கு அதைப் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தது. ஆளை எடுத்துவிட்டு மெஷினை வைப்பதற்குப் பதில், ஆளோடு மெஷினை வைத்தால் கற்பதும் வேகமாக நடக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மெஷின் கையில் இல்லை, முதலாளி கையில் இருக்கிறது.

குரலுக்கும் விலை உண்டு!

இந்த இடத்தில் கோடம்பாக்கத்தைப் பார்க்கலாம். 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய சம்பளத்தையும் கொடுத்துத்தான் பயன்படுத்தியதாக அவரே தெரிவித்தார்.

2025 ஆகஸ்ட்டில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. தனுஷ் நடித்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', ஏ.ஐ மூலம் க்ளைமாக்ஸ் மாற்றப்பட்டு மறுபடியும் வெளியானது. இயக்குநர் ஆனந்த் எல்.ராய், தனுஷ் இருவருமே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தொழில்நுட்பம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். கேட்டுச் செய்தார்களா, கேட்காமல் செய்தார்களா என்பதுதான் வித்தியாசம்.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து, ஏ.ஐ-யை எழுத்தாளராகக் கருதக் கூடாது, அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதிகளை ஒப்பந்தத்தில் சேர்க்க வைத்தார்கள். ஏ.ஐ-யைத் தடுக்கவில்லை, அதற்கு எல்லை போட்டார்கள். டப்பிங் கலைஞரோ, டேட்டா என்ட்ரி ஆபரேட்டரோ, சங்கமாக நின்று 'எங்களைக் கேட்டுச் செய்யுங்கள்' என்று சொல்லும் இடத்தில்தான் பேரம் நடக்கும். தனி ஆளாக நின்றால் நடக்காது.

சேலத்தில் உட்கார்ந்து ஏ.ஐ-க்குப் பாடம்!

புதிய வேலைகள் வருகின்றனவா? வருகின்றன. ஏ.ஐ-க்கு 'இது பூனை, இது நாய், இது சிக்னல்' என்று படம் படமாக அடையாளம் போட்டுக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு டேட்டா அனோட்டேஷன் என்று பெயர். சென்னையில் தொடங்கிய தேசிக்ரூ, பெங்களூரின் நெக்ஸ்ட்வெல்த் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுபோயிருக்கின்றன. சேலம் போன்ற ஊர்களில், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பட்டதாரிப் பெண்களுக்கு வேலை கிடைக்கிறது. வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். அதேசமயம், ஏ.ஐ-யே அடையாளம் போடக் கற்றுக்கொண்டால் இந்த வேலையும் மாறும். இங்கேயும் நிலைப்பது, மருத்துவப் படம், சட்ட ஆவணம் என ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்பவர்கள்தான்.

சரி, என்ன செய்யலாம்?

படித்ததையும் யோசித்ததையும் வைத்து, வீட்டுக்கு உதவும் சில விஷயங்கள்:

1. உங்கள் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஏ.ஐ செய்யக்கூடியது, ஏ.ஐ உதவியோடு நீங்கள் செய்வது, நீங்கள் மட்டுமே செய்ய முடிவது என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியிலேயே முக்கால்வாசி இருந்தால், இப்போதே இரண்டாவது, மூன்றாவது பகுதியின் வேலைகளைக் கேட்டு வாங்க ஆரம்பியுங்கள்.

2. மாணவர்களே, ஏ.ஐ-யிடம் அசைன்மென்ட்டைக் கொடுத்துவிட்டு ரீல்ஸ் பார்க்காதீர்கள். முதலில் நீங்கள் செய்யுங்கள். பிறகு ஏ.ஐ-யிடம் திருத்தச் சொல்லுங்கள். அது சொல்வதில் தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் நாளைக்குச் சம்பளம். அடிப்படை தெரியாதவரால் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

3. பெற்றோர்களே, 'ஏ.ஐ படிப்பு' என்ற பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டாதீர்கள். யார் நடத்துகிறார்கள், என்ன சொல்லித்தருகிறார்கள், முன்பு படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'மூன்றே மாதத்தில் லட்ச ரூபாய் சம்பளம்' என்று விளம்பரம் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

4. கைவேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். எலெக்ட்ரீஷியன், நர்ஸ், பிளம்பர், ஏ.சி மெக்கானிக், முதியோர் பராமரிப்பு... வீட்டுக்கு வீடு மாறும் இந்த வேலைகளை ஏ.ஐ அவ்வளவு சீக்கிரம் தொட முடியாது. ஐ.டி.ஐ படிப்பை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டிய நேரம் இது.

5. 40 வயதைத் தாண்டியவர்களே, 'இனி என்னத்த கத்துக்க' என்று ஒதுங்க வேண்டாம். உங்கள் துறையின் நெளிவுசுளிவு உங்களுக்குத் தெரியும். ஏ.ஐ-க்கு அது தெரியாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு, ஒரு மெயில் எழுதுவதில் இருந்து தொடங்குங்கள். ஆனால், ஆஃபீஸின் ரகசியத் தகவல்களையோ, வாடிக்கையாளர் விவரங்களையோ அதில் போடாதீர்கள்.

மாமாவுக்கு என்ன சொன்னேன்?

இவ்வளவையும் சுருக்கி மாமாவுக்கு போன் செய்தேன். "வேலை மொத்தமா போகாது மாமா. ஆனா, நீங்க சேர்ந்தப்ப இருந்த மாதிரி, உள்ளே போய்க் கத்துக்கலாம்ங்கிற காலம் குறையுது. கொஞ்சம் கத்துக்கிட்டுத்தான் உள்ளே போகணும். அவளுக்கு மார்க்கைவிட, அவளே செஞ்ச ரெண்டு புராஜெக்ட் உதவும்" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பிராஞ்ச்ல கம்ப்யூட்டர் வந்தப்ப, கோஷம் போட்டுட்டு உள்ளே வந்து மேனேஜர்கிட்ட ட்ரெய்னிங்குக்குப் பேரு கொடுத்தவன் நான். அப்ப பேங்க்கே சம்பளம் கொடுத்து ட்ரெய்னிங்கும் கொடுத்துச்சு. இப்ப இவளுக்கு யாரு கொடுப்பா?" என்றார்.

எனக்கு மறுபடியும் பதில் வரவில்லை. அன்று ஊழியர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் கேட்க ஒரு சங்கம் இருந்தது, கொடுக்க ஒரு நிர்வாகம் இருந்தது. இன்று அந்தச் செலவை அப்பாக்களின் பாக்கெட்டிலும் பிள்ளைகளின் தூக்கத்திலும் வைத்துவிட்டோம். ஏ.ஐ-யால் லாபம் பார்க்கும் நிறுவனங்களும், அவற்றை வரவேற்கும் அரசும், முதல் படிக்கட்டைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்ரென்டிஸ் இடங்களைக் கூட்டுவது, சம்பளத்தோடு பயிற்சி கொடுப்பது என்று செய்ய எவ்வளவோ இருக்கிறது.

அதுவரை நம் வீட்டில் நாம் செய்ய முடிந்ததைச் செய்வோம். மாமா பொண்ணு இப்போது ஊரில் இருக்கும் ஒரு மளிகைக் கடைக்கு, ஸ்டாக் குறைவதைச் சொல்லும் ஒரு சின்ன ஆப் செய்துகொண்டிருக்கிறாள். கோடு எழுத ஏ.ஐ-யும் உதவுகிறது. ஆனால், கடைக்கார அண்ணாச்சி ஸ்டாக்கை நோட்டில் எழுதாமல் மனசிலேயே வைத்திருக்கிறார் என்பதை, அங்கே போய் நின்று பேசிய பிறகுதான் கண்டுபிடித்தாளாம். "அக்கா, அது ஏ.ஐ-க்குத் தெரியவே இல்லக்கா" என்று நேற்று ராத்திரி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாள். குரலில் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது.